துவக்கில் ஏறிய சிலந்தி

கிழக்கிலங்கையில், சாகாமக் குளக்கட்டை நான் ஒரு தடவை தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கம். பெரும்போக வெட்டு முடிந்து வட்டையில் அரிதாள் காய்ந்து கிடந்த நாட்கள். திருக்கோவில், தம்பிலுவில் பக்கமிருந்து மேற்கே உள்ளே வருகிற பாதையால் சேவையர் ஒருவர் இரண்டு உதவியாட்களோடு வந்து, எங்கள் வாடிக்குப் பக்கத்தில் முக்காலியை ஊன்றினார். சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பு, சங்கிலி, மரப்பெட்டிக்குள்ளிருந்து தொட்டில் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிய ஒரு பித்தளைக் கருவி. எல்லைக்கல் எங்கே விழப்போகிறதோ என்ற கவலையில் வாப்பாவும் முல்லைக்காரர்களும் வரம்பில் நின்றார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் பித்தளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, பாக்கப் போறீரோ? கண்ணை மட்டும் வையும், கை படக் கூடாது" என்றார் சேவையர். யாழ்ப்பாணத்துக்காரர்.

வைத்தேன். குளக்கட்டு மேலே, வானம் கீழே. கம்பு பிடித்து நின்ற ஆள் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தலைகீழ் உலகத்தின் நடுவால் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, நெடுக்கே ஒன்று. கம்பில் எழுதியிருந்த இலக்கம் ஒன்றைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றது கோடு. கண்ணை எடுத்துவிட்டுக் குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் கோடு எதுவும் இல்லை.

"அது என்னெண்டு தெரியுமே? சிலந்தி நூல்" என்றார் அவர்.

வாப்பா சிரித்தார். "சேவையர் ஐயா உன்ன ஏய்க்காரு மனே."

ஏய்க்கவில்லை. பெட்டியின் மூடிக்குள் குக், ட்ரௌட்டன் அண்ட் சிம்ஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு தகடு அறைந்திருந்தது. நடுவில் உள்ள அந்த ட்ரௌட்டன் சிலந்தி நூலோடு சம்பந்தப்பட்ட ஆள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் பிடித்தது.

தூரத்துக் குறிக்குச் சுடுகிற ரைபிளின் முதுகில் பூட்டியிருக்கும் தொலைநோக்கிக்குள் தெரிகிற சிலுவைக்கோடு இந்த நூலின் வாரிசுதான். சினிமாவில் அதைக் காணாதவர் கிடையாது: வட்டத்துக்குள் ஒரு முகம், முகத்தின்மேல் ஊர்ந்து வருகிற கோடு, பிறகு ஒரு சத்தம். பார்க்கிறவனுக்கு அந்தக் கோடு துவக்கோடு கூடப் பிறந்ததுபோலத் தோன்றும். ஆனால் துவக்கில் ஏறுவதற்கு முன் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் அது நட்சத்திரத்தையும் நிலத்தையும்தான் அளந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துத் துவக்குகளுக்குக் கோடு தேவைப்பட்டதில்லை. வாப்பாவிடம் லைசன்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கினால் பரணில் இருந்து ஒரு வெடி. குழலின் நுனியில் ஒரு பித்தளை மணி. அதுதான் அதன் கண். ஒரு தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும்போது யார் நுணுக்கம் பார்க்கப்போகிறார்கள்? கட்டுத்துவக்குக்கு அந்த மணியும் இல்லை. பற்றைக்குள் கம்பியோடு கட்டி வைத்தால் யார் கால் படுகிறதோ அவருக்கு. பன்றியென்றோ விறகு வெட்டப் போன மனுஷனென்றோ அது பார்க்காது. குருட்டுத் துவக்கு.

துவக்கு என்ற சொல்லைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. இந்தியத் தமிழர் துப்பாக்கி என்கிறார்கள், நாங்கள் துவக்கு என்கிறோம், சிங்களவர் துவக்குவ என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பாட்டி ஒருத்திதான்: துருக்கியரின் துஃபெக். வெடிமருந்து வருவதற்கு முன் அந்தச் சொல்லுக்கு ஊதுகுழல் என்று பொருள். வாயால் ஊதிக் குருவிக்கு அடிக்கிற வெறும் குழாய்.

சினைப்பர் என்ற சொல் எங்கள் ஊர் வாய்க்கு யுத்தத்தோடு வந்தது. அதுவும் ஒரு குருவியிலிருந்து பிறந்த சொல்தான். மாரி காலத்தில் வடக்கே இருந்து வந்து வயல் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு திரியும் நீள அலகு உள்ளானுக்கு ஆங்கிலத்தில் ஸ்னைப் என்று பெயர். கிளப்பினால் கோணல்மாணலாகப் பறக்கும்; அடிப்பது கஷ்டம். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் உள்ளான் சுடப் போவதை அந்தப் பேரால் எழுதினார்கள். மறைந்திருந்து மனிதரைச் சுடுகிறவனுக்கு அந்தப் பேர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

கோட்டின் கதை இங்கிலாந்தில் யோர்க்‌ஷயரில், லீட்ஸ் நகரத்துக்குக் கிட்ட மிடில்டன் என்ற இடத்தில் தொடங்குகிறது. அங்கே வில்லியம் கஸ்கோய்ன் என்ற இளைஞர் இருந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. வசதியான வீட்டுப் பிள்ளை, வானத்தைப் பார்க்கிற பைத்தியம். 1630களின் கடைசியில் இரண்டு குவிவில்லைகளை வைத்துச் சூரியனைப் பற்றி ஏதோ பரிசோதனை செய்துகொண்டிருந்தார். குழாயின் உறை திறந்து கிடந்தது. சிலந்தி ஒன்று அதற்குள் ஒரு நூலை இழுத்துவிட்டுப் போயிருந்தது. கஸ்கோய்ன் கண்ணை வைத்தபோது தூரத்துப் பொருளும் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்த நூலும் ஒரே தெளிவில், ஒன்றன்மேல் ஒன்று வரைந்ததுபோலத் தெரிந்தன.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று தோன்றினால், ஒரு விரலைக் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு எதிரே உள்ள தென்னையைப் பாருங்கள். விரல் தெளிந்தால் தென்னை கலங்கும். தென்னை தெளிந்தால் விரல் இரண்டாகும். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் வேலை செய்யும். பழைய துவக்குக்காரனின் தலையிடியே இதுதான்: பின்கண், முன்மணி, குறி என்று மூன்றையும் ஒரே கண்ணால் பிடிக்க வேண்டும், மூன்றும் மூன்று தூரத்தில்.

கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கியில் கண்பக்கம் இருந்தது குழிவில்லை. அதன் குழாய்க்குள் எந்த இடத்திலும் பிம்பம் விழாது. நூலைக் கட்டினாலும் தெரியாது. 1611இல் கெப்லர் இரண்டு பக்கமும் குவிவில்லை வைத்த ஒரு அமைப்பை எழுதினார். அதில் உலகம் தலைகீழாகத் தெரியும் என்பது குறை. ஆனால் குழாயின் உள்ளே ஓரிடத்தில், வெற்றுக் காற்றில், தூரத்துப் பொருளின் பிம்பம் உண்மையாகவே வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு நூலை வைத்தால், கண்ணைப் பொறுத்தவரை நூலும் நட்சத்திரமும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. கெப்லர் அந்த இடத்தை எழுதினார். அதில் நூலைக் கட்டியது சிலந்தி. நான் சாகாமத்தில் வானத்தைக் கீழே கண்டதும் இதனால்தான். சேவையரின் கருவி கெப்லரின் வழியில் வந்தது.

பார்வை என்பது பொருளிலிருந்து நேர்கோட்டில் கண்ணுக்கு வருகிற ஒளி என்று பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே கிதாபுல் மனாழிரில் நிறுவிவிட்டார். அந்த நேர்கோட்டைக் கண்ணால் காட்டுவதற்கு அறுநூறு வருஷம் கழித்து ஒரு பூச்சி வந்தது. குர்ஆனின் 29ஆவது அத்தியாயம் சிலந்தியின் பேரில்தான் இருக்கிறது. அதன் வீட்டுப் பலவீனம் உவமையாக வருகிற இடம் அது. மக்தபில் ஓதினவர்களுக்குத் தெரியும். நபியவர்கள் மறைந்திருந்த தௌர் குகை வாசலின் வலையையும் லெப்பை சொல்லித் தந்திருப்பார். சிலந்தியைக் கண்டவுடன் தும்புக்கட்டையை ஓங்காத பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

கஸ்கோய்ன் தற்செயலோடு நிற்கவில்லை. நூலுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய தகடுகளை வைத்து, ஒரு திருகாணியால் அவற்றை நெருக்கவும் விலக்கவும் செய்தார். திருகாணி எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை வைத்துச் சந்திரனின் அகலத்தைக் கோணமாக அளந்தார். குழாய்க்குள் ஒரு குறியும் அதை நகர்த்தும் திருகாணியும் சேர்ந்த அந்தக் கூட்டுத்தான் பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் கரு. அவருடைய நண்பர்கள் கிராப்ட்ரீ, ஹொரொக்ஸ் இருவரும் 1639இல் சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்த்தவர்கள். ஹொரொக்ஸ் 1641இல் இறந்தார். 1644 ஜூலை 2, மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் மன்னர் பக்கம் நின்ற கஸ்கோய்ன் கொல்லப்பட்டார். முப்பதைத் தாண்டி இரண்டொரு வயது. அதே வருஷம் கிராப்ட்ரீயும் போய்ச் சேர்ந்தார். விஷயம் கடிதங்களுக்குள் கிடந்து, 1660களில்தான் வெளியே வந்தது. அதற்குள் பாரிஸில் ஓசூவும் பிக்காரும் தாங்களாகவே அதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

எல்லோரும் கையெடுத்து வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். டான்சிக் நகரத்தின் ஹெவிலியஸ் பெரிய வானியலாளர். வெறுங்கண்ணுக்கு ஒரு துவாரம் போதும், கண்ணாடியை நம்ப முடியாது என்று பிடிவாதமாக நின்றார். லண்டனில் ஹூக் அவரைக் கண்டபடி எழுதினார். சண்டையைத் தீர்க்க 1679இல் இளைஞர் ஹாலி கருவியோடு டான்சிக் போனார். கிழவரின் வெறுங்கண் அளவு ஹாலி திகைக்கிற அளவுக்குச் சரியாக இருந்தது. நியாயம் ஹூக் பக்கம், கை ஹெவிலியஸ் பக்கம். இன்றைக்கும் துவக்குச் சுடும் இடங்களில் இந்த வழக்கு முடிந்தபாடில்லை. இரும்புக் கண்ணால் சுடத் தெரியாதவனுக்குத் தொலைநோக்கி எதற்கு என்று கேட்கிற ஒரு மூத்தவர் எங்கும் இருப்பார்.

கஸ்கோய்னுக்குப் பிறகு நூறு வருஷத்துக்குமேல் கருவிக்காரர்கள் தலைமயிர், பட்டு நூல், வெள்ளிக் கம்பி என்று எதையெதையோ கட்டிப் பார்த்தார்கள். மயிரிழையில் தப்பினான் என்று நாம் சொல்லும் மயிரிழை, தொலைநோக்கிக்குள் போனால் வடக்கயிறு. நட்சத்திரத்தையே மறைத்துவிடும். 1780களில் அமெரிக்காவில் ரிட்டன்ஹவுஸ் மறுபடி சிலந்தியிடம் போனார். லண்டனில் எட்வர்ட் ட்ரௌட்டன் அதைத் தொழிலாக்கினார். மனித மயிரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிப்பு, ஒரே சீர், இழுத்தால் அறாமல் இழுபடும் தன்மை. அந்தக் காலத்துப் பட்டறைகளில் அப்படி ஒரு கம்பி எளிதில் கிடைக்காது. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் கருவிகளுக்காகச் சிலந்தி வளர்த்து நூல் எடுத்திருக்கிறார்கள்.

நூல் நம் பக்கத்துக்கு வந்தது நில அளவையோடு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையடியில் முக்கோண அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோணம் அளக்கும் அவருடைய அரைத் தொன் எடையுள்ள தியோடலைட் 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே தட்டி நிமிர்த்தினார். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் உண்டானது. தீவை முக்கோணம் முக்கோணமாகக் கட்டிப்போட்ட அளவைக்கு ஒரு அடிக்கோடு நீர்கொழும்பில், மற்றது எங்கள் பக்கம் மட்டக்களப்பில். குளத்து மட்டம், வாய்க்கால் ஓட்டம், காணிச் சண்டை எல்லாம் கடைசியில் ஒரு கண்ணாடிக்குள் கிடக்கிற நூலைத் தொட்டுத்தான் தீர்ந்தன.

நூல் துவக்கில் ஏற ஏன் அவ்வளவு காலம் எடுத்தது? துவக்கு அதற்குத் தகுதியாக இருக்கவில்லை. வழவழப்பான குழலுக்குள் உருண்டைக் குண்டு தட்டித் தடுமாறி வெளியே வரும். நூறு யாருக்கு அப்பால் அது எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. குழலுக்குள் முறுக்குப் பள்ளம் வெட்டி, சன்னத்தைப் பம்பரம்போலச் சுழலவிடும் ரைபிள் பழக்கத்துக்கு வந்தபிறகுதான் துல்லியம் என்ற பேச்சே வந்தது. 1840களில் நியூயோர்க் மாநிலத்தில் துவக்குக் கம்மியர் மோர்கன் ஜேம்ஸும் ஜோன் சப்மனும் குழல் நீளத்துக்கு ஒரு தொலைநோக்கியைச் செய்து மேலே கட்டினார்கள். 1855இல் அதே மாநிலத்தில் சிரக்கியூஸ் நகரத்து வில்லியம் மல்கம் நிறம் சிதறாத வில்லைகளோடு அதைத் திருத்தினார். பம்பாய்ப் படையில் வேலை பார்த்த டேவிட்சன் என்ற ஸ்கொட்லாந்து அதிகாரி இன்னொன்று செய்து 1862இல் காப்புரிமை எடுத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதியாரின் விட்வேர்த் ரைபிள்கள் சிலவற்றில் இடப்பக்கமாகத் தொங்கியது அதுதான்.

அந்த விட்வேர்த் ரைபிளைப் பற்றி ஒரு கதை. 1860 ஜூலை 2, லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டன் வெளியில் ரைபிள் சங்கத்தின் முதல் போட்டி. விக்டோரியா மகாராணி தொடக்கி வைக்க வேண்டும். மகாராணியைக் குப்புறப் படுக்கச் சொல்ல முடியுமா? ஜோசப் விட்வேர்த் ரைபிளை ஒரு இரும்புத் தாங்கியில் அசையாமல் இறுக்கி, 400 யார் தூரத்துப் பலகைக்கு முன்கூட்டியே குறி சரிபார்த்து வைத்துவிட்டார். மகாராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார். சன்னம் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் விழுந்தது. கூட்டம் மகாராணிக்குக் கைதட்டியது. கஸ்கோய்ன் செத்ததும் ஜூலை 2தான், பஞ்சாங்கம் மாறினாலும்.

மகாராணி வருமுன் விட்வேர்த் செய்த வேலைக்குத்தான் இன்றைக்கு ஸீரோ பண்ணுவது என்று பெயர். நாங்கள் சைபர் என்று சொல்வதும் ஸீரோவும் அறபியின் ஸிஃப்ர் என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. வெறுமை என்று அர்த்தம். கோட்டுக்கும் சன்னத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வெறுமையாக்குவது.

தியத்தலாவையில் பயிற்சி எடுத்த ஒரு கூட்டாளி இதை எனக்கு மேசைமேல் ஒரு தும்புத்தடியை வைத்து விளக்கினார். பார்வை நேர்கோடு. சன்னம் நேர்கோட்டில் போகாது. வாயை விட்ட அந்த நிமிஷமே விழத் தொடங்கிவிடும். ஆகவே குழலைப் பார்வைக் கோட்டுக்கு மிகமிகச் சிறிய கோணத்தில் நிமிர்த்தி வைக்கிறார்கள். தொலைநோக்கி குழலுக்குமேலே நாலைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதால், சன்னம் கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, ஏறித் தொட்டு, பிறகு இறங்கும். எந்தத் தூரத்தில் இரண்டும் ஒன்றாக வேண்டும் என்று நாம் தீர்மானிக்கிறோமோ அதுதான் அந்த ரைபிளின் ஸீரோ. 100 மீற்றருக்குச் சரிபண்ணிய 7.62 ரவை 300 மீற்றரில் கிட்டத்தட்ட ஒரு முழம் கீழே போய்விடும். பக்கவாட்டில் கச்சான் மிதமாக அடித்தால் இன்னும் ஒரு சாண் தள்ளும்.

செய்முறை பொறுமையைக் கேட்கிறது; கெட்டித்தனத்தை அல்ல. முதலில் பின்பக்க அடைப்பைக் கழற்றி, குழலின் உள்ளால் பலகையைப் பார்த்து, கோட்டையும் அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு ரவையும் செலவில்லை. பிறகு மணல் மூட்டையில் ரைபிளைக் கிடத்தி 100 மீற்றரில் ஒரே இடத்தைக் குறிபார்த்து ஐந்து சூடு. ஐந்து துளையும் ஐந்து இடத்தில் இருக்கும். அவற்றின் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நடு குறியிலிருந்து 4 சென்ரிமீற்றர் இடமும் 3 சென்ரிமீற்றர் கீழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தை மில்லிரேடியனில் எண்ணுகிற தொலைநோக்கியில் குமிழின் ஒரு கிளிக் அந்தத் தூரத்தில் 1 சென்ரிமீற்றர். வலது 4, மேல் 3. மறுபடி ஐந்து. புதியவர்கள் செய்கிற பிழை, ஒவ்வொரு சூட்டுக்கும் குமிழைத் திருகுவது. ஒரு துளை எதையும் சொல்லாது. ஒரு துளையை நம்பிப் பின்னால் ஓடுகிறவன் மாலை வரை ஓடிக்கொண்டிருப்பான்.

குமிழில் வலம் என்று அம்புக்குறி போட்டிருக்கும். அது சன்னம் போகிற பக்கம். உள்ளே கோடு நகர்வது இடப்பக்கம். பழைய தொலைநோக்கிகளில் இது கண்ணுக்கே தெரியும்: ஸீரோ பண்ணி முடித்தபிறகு கோடு வட்டத்தின் நடுவை விட்டு ஒரு மூலைக்குப் போய்க் குந்திக்கொண்டிருக்கும். கோடு நடுவிலேயே நிற்பதுபோலக் காட்டுகிற அமைப்பு பிறகு வந்தது. கோடு நகர்கிறது என்பது பயன்படுத்துகிறவருக்கு இப்போது மறந்தே போய்விட்டது.

கோட்டைத் தாங்கும் வளையத்தை எதிரெதிர்த் திருகாணிகளால் நெருக்கித் தள்ளுவது துவக்குக்காரரின் கண்டுபிடிப்பு அல்ல. தியோடலைட்டில் அது முன்பே இருந்தது. சேவையர் குழாயைக் குப்புறப் புரட்டி மறுபடி அதே புள்ளியைப் பார்ப்பார். நூல் விலகினால், விலகியதில் பாதியை மட்டும் திருத்துவார். கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்துப் பெரிய தொலைநோக்கிக்குத் தாங்கி கட்டிய வார்னர் அண்ட் சுவேசி கம்பனியிடம்தான் அமெரிக்கப் படை 1908இல் ரைபிளுக்குப் பார்வைக் கருவி செய்வித்தது. வானம் பார்த்தவர் கை துவக்குக்கு வந்த வழி இவ்வளவு கிட்ட. தியத்தலாவையிலும் அப்படித்தான்: படை அதிகாரிகளைப் பயிற்றுகிற கழகமும் நில அளவையாளரைப் பயிற்றுகிற நிறுவனமும் ஒரே மலையூரில், ஒரே பனிக்குள்.

பிடித்த ஸீரோ நிலைத்து நிற்காது என்பதுதான் இந்தத் தொழிலின் சள்ளை. எங்கள் கரையின் காற்று உப்பு, மாரி மூன்று மாதம். மரப்பிடி ஈரம் குடித்து ஊதி, குழலை ஒரு பக்கம் நெருக்கும். தை மாதம் பிடித்த ஸீரோ ஆனியில் இருக்காது. அதனாலேயே பல படைகள் மரத்தை விட்டுவிட்டன. வில்லைகளுக்கு இடையில் ஈரம் புகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி வலை மாதிரியே கிளை கிளையாகப் படரும், துடைத்தாலும் தழும்பு போகாது. பழைய கமெராவை அலுமாரிக்குள் வைத்து மறந்தவர்களுக்கு அந்தத் தழும்பு தெரியும். குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டு நைதரசன் அடைக்கிற வழக்கம் அதற்காகத்தான் வந்தது. வெளிக் கண்ணாடியைச் சாரன் முனையால் துடைப்பதைவிடத் துடைக்காமல் விடலாம். தூசு கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, அதன்பிறகு துணி.

குழலைப் பின்பக்கமிருந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் குழலின் வாயோரம். கம்பி அதை உரசித் தேய்த்தால் எந்தக் குமிழாலும் திருத்த முடியாது. எண்ணெய் மிதந்த குழலின் முதல் சூடு வேறெங்கோ போகும். குளிர்ந்த குழலின் முதல் சூடும் சூடேறிய குழலின் பத்தாவது சூடும் ஒன்றல்ல; கவனமானவர்கள் அதைக் கொப்பியில் தனியாக எழுதி வைப்பார்கள். கூட்டாளி சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: "குறி தப்பிட்டெண்டா குமிழைத் தொடாத. முதல்ல ஆணியைத் தொட்டுப் பாரு." தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணி உதைப்பில் இளகியிருக்கும். அதைப் பாராமல் குமிழைத் திருகுகிறவன், சுவர் சாய்ந்ததற்குக் கதவைச் சீவுகிற தச்சன்.

ஸீரோ கடைசி நேரத்தில் தப்பிய கதை ஒன்று. 2008 ஓகஸ்ட் 11, பெய்ஜிங் ஒலிம்பிக். இந்தியாவின் அபினவ் பிந்திரா 10 மீற்றர் காற்று ரைபிள் இறுதிச் சுற்றுக்கு வந்து நிற்கிறார். அந்தப் போட்டியில் தொலைநோக்கி கிடையாது. ஹெவிலியஸுக்குப் பிடித்த வெறும் துவாரமும் வளையமும்தான். நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். எண்ணிக்கையில் சேராத முன்சூட்டிலேயே சன்னம் எங்கோ ஓரத்துக்குப் போகிறது. தன் பார்வைக் கருவியை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று பின்னால் எழுதினார். கையிலிருந்த சில நிமிஷத்தில் திருகித் திருத்திக்கொண்டு சுட்ட முதல் சூடு 10.7. இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

சாகாமத்துக்குத் திரும்புகிறேன். சேவையர் வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலம் தப்பிய ஒரு மழை. விடிய வந்து கண்ணை வைத்தவர் முகம் சுளித்தார். குறுக்கு நூல் ஈரத்தில் தளர்ந்து தொய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அறுந்தும் போனது. கச்சேரிக்கு ஆள் அனுப்பினால் இரண்டு நாள்.

"தம்பி, வாடிக்குள்ள சிலந்தி கிடக்குமே? சின்னது. பெரிசு வேண்டாம், நூல் மொத்தமாயிருக்கும்."

வாடிக் கூரையில் சிலந்திக்கா பஞ்சம். ஒன்றைத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். அவர் ஒரு ஈர்க்கிலைக் கவட்டைபோல வளைத்து, சிலந்தியை அதன் ஒரு கையில் விட்டுத் தட்டினார். அது நூலை விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. இறங்க இறங்க, அவர் கவட்டையை மெல்லச் சுற்றினார். நூல் இரண்டு ஈர்க்கில் முனைக்கும் இடையில் வரிவரியாக விழுந்தது. வெயிலைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. வாயால் ஆவி ஊதி நனைத்தார். இப்போதே நனைந்து இழுபட்டால் பிறகு மழைக்குத் தொய்யாது என்றார். குழாயிலிருந்து கழற்றிய பித்தளை வளையத்தில் நூல் கிடக்கவென்று கீறிய மெல்லிய கோடு இருந்தது. ஒரு நூலை அதன்மேல் கிடத்தி, இரண்டு நுனியிலும் அரக்குக் கரைசலில் ஒவ்வொரு துளி. வாப்பா சிரிக்காமல் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். முல்லைக்காரர்கள் மூச்சுவிடவும் பயந்து நின்றார்கள்.

காய்ந்ததும் வளையத்தைப் பூட்டி, குளத்துத் துருசின் தூணைப் பார்த்தார். குழாயைப் புரட்டி மறுபடி பார்த்தார். நாலு திருகாணியில் ஒன்றை இளக்கி எதிரே உள்ளதை இறுக்கினார். மறுபடி புரட்டினார். ஐந்தாறு தரம் இப்படி. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

தூண் தலைகீழாகத் தொங்கியது. அதன் விளிம்பில் என் சிலந்தி இழுத்த கோடு படுத்துக் கிடந்தது.

மிச்ச நூலை அவர் ஈர்க்கிலோடு எடுத்துத் தன் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். சிலந்தியை வரம்பில் விடச் சொன்னார். நான் வாடிக்குள் கொண்டுபோய், எடுத்த இடத்துக்குக் கிட்ட, கூரைக் கம்பில் விட்டேன்.